டோஸின் குறிப்பேடுகளும் கிழங்குக் கரைகளும்

1788இல் முதற் கப்பற்தொகுதியுடன் சிட்னிக்கு வந்த வில்லியம் டோஸ் ஒரு லெப்டினன்ட், வானியலாளர். 1790–91இல், பதினைந்து வயது மதிக்கத்தக்க பாட்டியெகராங் என்ற பெண்ணிடம் கேட்டு அவர் எழுதிய சிட்னி மொழிக் குறிப்பேடுகள் இலண்டனில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1972இல் வெளிச்சத்துக்கு வந்தன. தாருக் மக்களின் வழித்தோன்றல்கள் தம் மொழியை மீட்க இன்று நாடும் முதன்மையான ஆதாரங்களில் இவையும் ஒன்று.

வெறும் சொற்பட்டியலாக நின்றுவிடாததே இவற்றின் சிறப்பு. பேச்சு பேச்சாகவே விழுந்திருக்கிறது. நெருப்பில் கையைச் சூடாக்கி மற்றவர் விரல்களை மெல்ல அழுத்துவதற்கு 'புட்டுவா' என்று ஒரு வினைச்சொல். வெள்ளையர் வந்து குடியேறியதில் தன் மக்களுக்குள்ள கோபத்தையும், துப்பாக்கிமீதான அச்சத்தையும் அந்தப் பெண் சொன்னபோது அதையும் டோஸ் மறைக்காமல் எழுதினார். எத்தனை அதிகாரிகள் இதைச் செய்திருப்பார்கள்?

ஆயினும் எமக்கொரு மனக்குறை உண்டு. இது கரையோரத்தில், ஓர் அதிகாரியின் குடிசையில் நடந்த உரையாடல். உள்நாட்டில், ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில், கிழங்கு தோண்டி வாழ்ந்தவர்களின் தொழிற்சொற்கள் அதில் இல்லை. 1789இல் படகில் போன ஆங்கிலேயர் அந்தக் கரைகள் கிழங்குக்காகக் கிளறப்பட்டிருந்ததைக் கண்டார்கள். 1794 முதல் அதே கரைகளில் சோளம் விதைக்கப்பட்டது. சோளத்தை எடுக்க வந்தவர்கள்மீது 1795இல் படை ஏவப்பட்டது. நாங்கள் வாழும் செவன் ஹில்ஸுக்குப் பக்கத்திலிருந்த தூங்காபி அரசாங்கப் பண்ணையைப் பெமுல்வுய் தாக்கியது 1797இல். பண்ணையின் விளைச்சலுக்குக் கணக்கு இருக்கிறது. கிழங்கை எந்தப் பருவத்தில் தோண்டினார்கள், தலையை மண்ணில் விட்டுவைத்தார்களா, எந்தக் கரை யாருக்குரியது என்று அந்த மொழியிலேயே கேட்டு எழுதியவர் இல்லை. புரூஸ் பாஸ்கோ 2014இல் 'டார்க் ஈமு'வில் இத்தகையதை வேளாண்மை என்றார். பீட்டர் சட்டனும் கெரின் வோல்ஷும் 2021இல் மறுத்து நூலெழுதினார்கள். சிட்னியைப் பொறுத்தவரை இரு தரப்பும் பெரும்பாலும் வந்தேறிகளின் நாட்குறிப்புகளையே புரட்டவேண்டியிருக்கிறது. தோண்டியவளின் சொல் கையில் இருந்திருந்தால் வாதமே வேறாகியிருக்கும்.

எம்மவர் தொகுக்கும் வட்டார வழக்குப் பட்டியல்களையும் (தொகுப்பாளர்கள் கோபிக்கக்கூடாது) இதே கண்கொண்டே பார்க்கிறோம். துலா, பட்டை, சூடு, பொலி எல்லாம் ஒவ்வொரு வரிப் பொருளுடன் வந்துவிடுகின்றன. 'பொலி: நெற்குவியல்.' அவ்வளவுதான். களத்தில் நெல்லை ஏன் நெல் என்று சொல்லாமல் பொலி என்றார்கள், அந்த இடத்தில் வேறெந்தச் சொற்களை வாயில் எடுக்கக்கூடாது, துலா மிதித்தவனும் கீழே பட்டை பிடித்தவனும் என்ன சொல்லி ஒருவரையொருவர் எச்சரித்தார்கள் என்பதெல்லாம் பட்டியலில் ஏறவில்லை. சூடு மிதித்த கால்கள் செவன் ஹில்ஸ் நடைபாதைகளில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகின்றன.