விக்கி நிரலும் தமிழ் வேற்றுமை உருபும்

விக்கி நிரல் என்பது விக்கிப்பீடியா போன்ற மீடியாவிக்கி தளங்களில் உரையை வடிவமைக்கவும் பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்கவும் பயன்படும் குறியீட்டு முறை. வரியின் இருபுறமும் இரண்டிரண்டு சமக்குறி இட்டால் அது தலைப்பாகும். வரியின் தொடக்கத்தில் உடுக்குறி இட்டால் பட்டியலாகும். ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் அது வேறொரு கட்டுரைக்கு இணைப்பாகும். கணினி மொழி அறியாதவரும் சில நிமிடங்களில் கற்கலாம் என்பதே இதன் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் உண்மை. தமிழிலோ முதல் வாக்கியத்திலேயே தடை வருகிறது. அதற்கு நிரலின் அமைப்பு ஒரு காரணம். அதைத் தமிழில் கற்பிக்கும் வரிசை இன்னொரு காரணம்.

தோற்றம்

வார்டு கன்னிங்காம் 1995-இல் வெளியிட்ட முதல் விக்கியில் இணைப்புக்கெனத் தனிக்குறி இல்லை. பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து எழுதினால் மென்பொருள் அதை இணைப்பாக எடுத்துக்கொண்டது. இம்முறைக்குக் கேமல்கேஸ் என்று பெயர். 2001 சனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியாவும் முதலில் இதையே பின்பற்றியது. அதே ஆண்டில் இரட்டைச் சதுர அடைப்பு வந்தது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத தமிழுக்கு இந்த மாற்றம் அடிப்படையானது. பழைய முறை மட்டுமே நீடித்திருந்தால், 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ் எழுத்தால் ஓர் இணைப்பும் இட்டிருக்க முடியாது.

சொல் மாறும் மொழியில் இணைப்பு

ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் வாக்கியத்தில் வரும்போது உருமாறுவதில்லை. இடத்தைக் காட்டும் சொல் பெயருக்கு முன்னால் தனியே நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. பல இடங்களில் பெயரின் ஈற்றையும் மாற்றுகிறது. எனவே இணைப்புகள் இரு வகையாகப் பிரிகின்றன.

முதல் வகையில் பெயர் மாறுவதில்லை. [[மதுரை]]யில், [[காவிரி]]யின் என்று எழுதினால் போதும். மூடும் அடைப்பை ஒட்டி வரும் தமிழ் எழுத்துகளையும் மென்பொருள் இணைப்போடு சேர்த்துக் காட்டும்.

இரண்டாம் வகையில் பெயரின் ஈறு திரிகிறது. சேலம் என்பது சேலத்தில் என்றும், ஈரோடு என்பது ஈரோட்டில் என்றும், தமிழ் என்பது தமிழில் என்றும் ஆகும். இங்கே அடைப்புக்குப் பின் உருபை ஒட்டினால் ‘சேலம்த்தில்’ என்ற பிழையே கிடைக்கும். [[சேலம்|சேலத்தில்]] என்று நிலைக்கோடு இட்டு எழுத வேண்டும். கோட்டுக்கு முன் இருப்பது கட்டுரைத் தலைப்பு. பின் இருப்பது வாசகர் காணும் சொல்.

இதை அறியாத புதியவர் [[சேலத்தில்]] என்று எழுதிவிடுகிறார். அப்படி ஒரு தலைப்பு இல்லாததால் இணைப்பு சிவப்பாகிறது. சிவப்பு இணைப்பு என்றால் கட்டுரை இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள். சேலம் பற்றிய கட்டுரை இருந்தும் வாசகருக்கு அது இல்லாததாகிறது. அந்தச் சிவப்பைச் சொடுக்கி இன்னொருவர் அதே பொருளில் இரண்டாம் கட்டுரையைத் தொடங்கவும் கூடும். எந்தக் கட்டுரைகள் தேவை என்று காட்டும் பட்டியலிலும் இந்தப் பொய்ச் சிவப்பு இடம்பெறுகிறது. ஒரு கோட்டை விட்டதால் வருவது வெறும் அழகுக் குறையன்று; எழுதப்பட்ட அறிவு வாசகர் கண்ணுக்கு மறைந்துபோகிறது.

மென்பொருளே உருபைப் பிரித்துக்கொள்ளட்டும் என்பது எளிய தீர்வாகத் தோன்றலாம். ஆனால் ‘பாட்டில்’ என்பது பாட்டு என்னும் சொல்லின் ஏழாம் வேற்றுமையா, கண்ணாடிப் பாட்டிலா என்பதை வாக்கியத்தைப் படித்தவரே சொல்ல முடியும். 2013-இல் பரவலாக அறிமுகமான காட்சித் தொகுப்பியும் இச்சிக்கலை முழுதாக நீக்கவில்லை. அதில் அடைப்புக்குறி கண்ணில் படாது என்றாலும், ‘ஈரோட்டில்’ என்பதைத் தெரிவுசெய்தவர் ஈரோடு என்ற தலைப்பைத் தேடிக் கொடுத்தாக வேண்டும்.

விசையும் சாய்வும்

தட்டச்சிலும் ஒரு தடை உண்டு. தமிழக அரசு 1999-இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் சதுர அடைப்பின் இரு விசைகளில் ச, ஞ என்ற எழுத்துகளும், ஒற்றை மேற்கோள் விசையில் ய என்ற எழுத்தும் உள்ளன. விக்கி நிரலில் மிகுதியாக வேண்டிய குறிகள் இவையே. ஒவ்வோர் இணைப்புக்கும் எழுதுபவர் ஆங்கில விசைக்கு மாறித் திரும்ப வேண்டும். இல்லையேல் தொகுப்புப் பெட்டியின் பொத்தானை நாட வேண்டும்.

ஒற்றை மேற்கோள்குறி இரண்டு இட்டால் சாய்வெழுத்து, மூன்று இட்டால் தடித்த எழுத்து, ஐந்து இட்டால் இரண்டும் சேர்ந்து வரும். இலத்தீன் எழுத்தில் சாய்வுக்கு நீண்ட அச்சு மரபு உண்டு. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களுக்குத் தனிச் சாய்வு வடிவமே இல்லை. உலாவி நேர் எழுத்தைப் பக்கவாட்டில் சரித்துக் காட்டுகிறது. சிறிய திரையில் படிப்பது கடினமாகிறது. தமிழ் தன் அழுத்தத்தை ஏகாரத்தாலும் ‘தான்’ என்பதாலும் சொல்லிலேயே காட்டிவிடுகிறது. நூற்பெயருக்கு மேற்கோள்குறி போதும். தமிழ்க் கட்டுரைக்குச் சாய்வு தேவையற்ற இரவல்.

தடித்த எழுத்துக்குப் பயன் உண்டு. தலைப்பின் இடத்தில் அதை வைப்பதுதான் தவறு. சமக்குறி இட்ட தலைப்பிலிருந்தே உள்ளடக்கப் பட்டியல் தானாக உருவாகிறது. தடித்த வரி கண்ணுக்குத் தலைப்பாகத் தெரிந்தாலும் மென்பொருளுக்கு வெறும் வரிதான். பட்டியலில் அது வராது. திரைபடிப்பான் கொண்டு படிக்கும் பார்வையற்றோருக்கும் அது தலைப்பென்று தெரியாது.

மதிப்பீடு

இக்குறைகளால் விக்கி நிரல் தமிழுக்குப் பொருந்தாதது ஆகிவிடவில்லை. அது வெறும் உரையாக இருப்பதால் யார் எந்த எழுத்தை மாற்றினார் என்பதைப் பக்க வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. நல்ல கட்டுரை ஒன்றின் தொகுப்புப் பக்கத்தைத் திறந்து, பிறர் எழுதிய நிரலைப் பார்த்தே கற்கவும் முடிகிறது. பூட்டி வைத்த செயலிகளில் இந்த வசதி இல்லை.

மாற வேண்டியது பாட வரிசை. தடித்த எழுத்து, சாய்வெழுத்து, பிறகு இணைப்பு என்று தொடங்கும் வழிகாட்டிகள் ஆங்கிலத்தின் வரிசையைப் பின்பற்றுகின்றன. தமிழில் நிலைக்கோடு இட்ட இணைப்பு முதலிலும், தலைப்புக் குறி அடுத்தும், தடித்த எழுத்து மூன்றாவதும் வரலாம், சாய்வை விட்டுவிடலாம். சேலம், சேலத்தில் என்ற ஒரே எடுத்துக்காட்டை முதல் நாளில் கற்ற மாணவர், இருக்கும் கட்டுரையை இல்லாததாகக் காட்டும் பிழையைச் செய்யமாட்டார்.