விரும்பிப் போகும் கடந்த காலம்

டயானா கபல்டானின் ‘அவுட்லேண்டர்’ (1991) நாவலை ரசித்துப் படித்தவர்களிடமும் ஒரு சங்கடம் தங்கியிருக்கிறது. எனக்கும் உண்டு. போர் முடிந்த 1945இல் கணவனோடு ஸ்காட்லாந்துக்கு வரும் கிளேர் என்ற ராணுவ நர்ஸ், நெடுங்கற்கள் நிற்கும் குன்றொன்றிலிருந்து 1743இல் போய் விழுகிறாள். ஜேமி ஃப்ரேசர் என்ற மலைநாட்டு இளைஞனை மணக்கிறாள்.

இந்தக் காலப்பயணக் காதல் கதை வகைக்கு முன்னோடிகள் உண்டு. ஜூட் டெவ்ரோவின் 1989 நாவலில் 16ஆம் நூற்றாண்டுப் பிரபு நம் காலத்துக்கு வருகிறான், பொழுதுபோக்கு, அவ்வளவுதான். டாஃப்னி டூ மாரியேயின் ‘தி ஹவுஸ் ஆன் தி ஸ்ட்ராண்ட்’ (1969) வேறு தரம். அதில் போதைமருந்து குடித்து 14ஆம் நூற்றாண்டுக் கார்ன்வாலுக்குப் போகும் டிக், இசோல்டா என்ற பெண்ணைப் பார்க்க மட்டுமே முடியும், தொட முடியாது. மனம் அங்கே அலையும்போது உடல் இன்றைய நிலத்தில் நடந்துகொண்டிருக்கிறது. அவன் நண்பன் அப்படி நடந்துபோய் ரயிலில் அடிபட்டுச் சாகிறான். கடந்த காலத்தைக் காதலிப்பது ஒரு வியாதி என்று துணிந்து சொன்ன நாவல் இது.

கபல்டானுக்கு அந்தப் பயம் இல்லை. அவருடைய பலம் காதல் காட்சிகளைவிட வைத்தியத்தில்தான் தெரிகிறது. விலகிய தோள்பட்டையைப் பொருத்தியும் மூலிகை சேகரித்தும் கிளேர் அங்கே தனக்கொரு இடம் பிடிக்கும் பக்கங்களை எத்தனை முறையும் படிக்கலாம். மணமான அனுபவசாலி நாயகி, பெண்ணையே அறியாத நாயகன் என்று வழக்கத்தைத் தலைகீழாக்கியதும் நல்ல குறும்பு.

அந்த நாயகன்தான் சொல் கேட்காத மனைவியை பெல்ட்டால் அடிக்கிறான். அன்றைய வழக்கம் அது என்பது ரசிகர்களின் வாதம். ஆனால் இதே நாவலில் கிளேரைச் சூனியக்காரி என்று விசாரிக்கிறார்கள். சூனியத்துக்கு மரண தண்டனை விதித்த சட்டம் 1736லேயே போய்விட்டது. ஊர்க்கூட்டம் சட்டமா பார்க்கும் என்று சமாதானம் சொல்லலாம். இருந்தாலும், கதைக்கு வேண்டும்போதெல்லாம் வளைந்து கொடுக்கிற சரித்திரம், ஜேமி பெல்ட்டை எடுக்கும்போது மட்டும் விறைத்துக்கொள்வது எப்படி? ஆணை விரும்பும் ஆண் என்றால் தொடரின் இந்த முதல் நூலில் கொடியவன் அல்லது கோமாளிதான். லார்ட் ஜான் கிரே போன்ற கண்ணியமான பாத்திரம் பிந்தைய நூல்களில்தான் வருகிறது.

ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரெட்’டை (1979) அருகில் வைத்தால் சங்கடத்தின் காரணம் பிடிபடும். 1976இன் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அடிமைக்கால மேரிலாந்தின் பண்ணை ஒன்றுக்கு இழுக்கப்படும் கறுப்பினப் பெண் டேனா, தன் வம்சம் பிறக்க வேண்டுமென்றால் அடிமைகளின் எஜமானனாக வளரப்போகும் ஒருவனை உயிரோடு காப்பாற்ற வேண்டும். கூடவே போகும் வெள்ளைக்காரக் கணவன் கெவினுக்கு அந்தக் காலம் சுவாரசியமாகப் படுகிறது. டேனா ஒரு கையை இழந்து திரும்புகிறாள்.

கிளேர் கெவினின் கட்சி. தொடரின் மூன்றாம் நூலில், தன் காலத்துக்குத் திரும்பி பாஸ்டனில் அறுவை மருத்துவராகிவிட்ட அவள், பெனிசிலினை எடுத்துக்கொண்டு தானாகவே அந்தக் கற்களைத் தேடிப் போகிறாள். அதையும் நான் ஆர்வமாகத்தான் படித்தேன்.