கூலர் வாங்கும் முன் ஒரு மீட்டர்: தென்காசியிலும் சிங்கப்பூரிலும் சோதித்துப் பார்த்தது

தென்காசியில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஏர் கூலர் நிற்கிறது. 40 லிட்டர் டேங்க், தேன்கூடு பேட், மூன்று வேகம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்காக வாங்கியது. சித்திரை மத்தியானத்தில் அதன் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. அந்தச் சுகத்தை நம்பி, சிங்கப்பூரில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடி அறைக்கும் சின்னதாக ஒன்று வாங்கினேன். அங்கே ராத்திரி 9 மணிக்கு மேல்தான் ஏசி போடலாம் என்பது வீட்டு உரிமையாளர் வைத்த விதி. வாரத்தில் இரண்டு நாள் எனக்கு அறையிலிருந்தே வேலை. பகலை ஓட்டக் கூலர் போதும் என்று நினைத்தேன். முதல் நாள் மத்தியானத்துக்குள் மேஜைமேல் இருந்த காகிதம் நமுத்துவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கூலரை நிறுத்திய பிறகுதான் மூச்சு வந்தது.

மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. இடம்தான் மாறியிருந்தது. அது எவ்வளவு மாறியது என்று தெரிந்துகொள்ள, வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கினேன். 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. இந்த விமர்சனத்தில் நான் அதிகம் மெச்சப்போவது அதைத்தான்.

மலிவான மீட்டர் சரியாகக் காட்டுமா என்ற சந்தேகம் வரும். அதற்கு அடுப்பங்கரையிலேயே சோதனை இருக்கிறது. ஒரு மூடியில் கல்லுப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். அது உப்பின் குணம். என் மீட்டர் 79 காட்டியது. அதனால் அது எதைக் காட்டினாலும் 4 கழித்துக்கொள்கிறேன். கீழே வரும் எண்களெல்லாம் கழித்த பிறகு வந்தவை.

சித்திரையில் லீவில் வந்தபோது, மத்தியானம் 2 மணிக்குத் தென்காசி ஹாலில் 36 டிகிரி, 38 சதவீதம். கூலரின் வாயில் மீட்டரைப் பிடித்தேன். 28 டிகிரி. எட்டு டிகிரி இறக்கம்! மின்சாரமோ சுமார் 150 வாட்தான். ஒரு டன் ஏசி கிட்டத்தட்ட 1,000 வாட் இழுக்கும்.

உள்ளே நடப்பது மண்பானைக்குள் நடப்பதுதான். தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் அதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான மின்சாரத்துக்குச் சமமான சூடு போய்விடும். வாசலில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டவர்களும் இதைத்தான் செய்தார்கள். ஆனால் காற்று ஏற்கெனவே தண்ணீர் குடித்து நிறைந்திருந்தால், பானையும் வேர்க்காது, பேடும் குளிராது.

ஜன்னலை அடைத்துவிட்டுக் கூலர் போடுவதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தப்பு. ஏசி பழக்கம் அப்படி. அடைத்து வைத்து ஒரு மணி நேரம் ஓட்டியபோது ஹாலில் ஈரப்பதம் 38லிருந்து 74க்குப் போய்விட்டது. “எய்யா, காத்து வருது, ஆனா அவியுதே” என்றார் அம்மா. கூலரை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவிட்டபோது 55க்கு மேல் ஏறவில்லை. ஈரக்காற்று வெளியே போக வழி வேண்டும்.

அடுத்த சோதனை ஆனியில். அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. ஆரியங்காவு கணவாய் வழியாகச் செங்கோட்டைக்கு இறங்கி வரும் தென்மேற்குக் காற்று, கேரளத்து மழையின் மிச்சத்தை நம் தலையில் தூவும் நாட்கள். அதே ஹால், அதே கூலர். அறையில் 27 டிகிரி, 88 சதவீதம். கூலர் வாயில் 26. ஒரே ஒரு டிகிரி. பானைத் தண்ணீரையும் எவர்சில்வர் குடத்துத் தண்ணீரையும் குடித்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குற்றாலம் போனேன். பேரருவிக்கு எதிரே, திவலை வந்து விழும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றபோது 24 டிகிரி, 95 சதவீதம். சிங்கப்பூர் அறையில் இவ்வளவு ஈரம் நான் பார்த்ததே இல்லை. ஆனால் குற்றாலத்தில் யாராவது புழுங்குகிறது என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

இதுதான் என்னை ரொம்ப நாள் குழப்பியது. சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பது கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. சூடான காற்றால் அதிகத் தண்ணீரைத் தாங்க முடியும். குளிர்ந்த காற்று கொஞ்சத்திலேயே நிறைந்துவிடும். சித்திரையில் எங்கள் ஹாலில் ஒரு கனமீட்டர் காற்றில் இருந்தது சுமார் 16 கிராம் நீராவி. பேரருவி முன்னால் 21 கிராம். சிங்கப்பூர் அறையில் மத்தியானம் 31 டிகிரி, 78 சதவீதம். அது 25 கிராம். சுமார் 35 டிகிரியில் இருக்கும் நம் தோலுக்கு அருவிக்கரைக் காற்றுகூட உலர்ந்த காற்றுதான். அங்கே காற்று ஓயாமல் வீசிக்கொண்டும் இருக்கிறது. தென்காசியில் காசிவிசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஒரு நிமிஷம் நின்றவர்களுக்கு, காற்றோட்டம் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பூருக்குத் திரும்பியதும் கூலரை ஓரம் கட்டினேன். 31 டிகிரி அறையில் அது 29க்குக் கீழே இறக்கவில்லை. ஈரத்தை மட்டும் தாராளமாகச் சேர்த்தது. வருஷம் முழுக்கச் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் ஊர் அது. போதாததற்கு டேங்க்கில் தேங்கும் தண்ணீர். வீட்டில் கொசு முட்டையிட்டால் அங்கே அபராதம் உண்டு.

ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் டிஹியூமிடிஃபையரைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கூலர் செய்வதைத் தலைகீழாகச் செய்யும் பெட்டி அது. ஒரு ராத்திரியில் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிடித்து வாளியில் நிறைத்திருந்தது. வாளியைத் தூக்கிப் பார்த்தபோது அசந்துபோனேன். இவ்வளவையுமா சுவாசித்துக்கொண்டு படுத்திருந்தேன்! ஈரப்பதம் 80லிருந்து 58க்கு இறங்கியிருந்தது. ஆனால் வெப்பம் 29லிருந்து 31க்கு ஏறிவிட்டது. ஆவி தண்ணீராகும்போது வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். மோட்டாரின் சூடு வேறு. துணி காய, பெல்ட்டில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க நல்ல சாதனம். தூங்க உதவாது.

சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து வெளியே தள்ளுவது ஏசி மட்டும்தான். முதலில் அது மனிதர்களுக்காகச் செய்யப்பட்டதும் இல்லை. 1902இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரத்தில் காகிதம் விரிந்து வண்ணங்கள் இடம் மாறி விழுந்தன; அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் வடிவமைத்த ஏற்பாடு அது. நமுத்த காகிதம்தான் அவருக்கும் ஆரம்பம் என்று படித்தபோது என் மேஜை ஞாபகம் வந்தது. இப்போது ராத்திரி 9 மணிக்கு ஒரு மணி நேரம் 25 டிகிரியில் ஓட்டி, பிறகு டிரை மோடுக்கு மாற்றிவிடுகிறேன். ஈரப்பதம் 60க்குப் பக்கத்தில் நிற்கிறது. கூடவே மின்விசிறியை மெதுவாக விட்டால் 27 டிகிரியே போதுமாக இருக்கிறது.

பகலுக்கு? பிஎல்டிசி மோட்டார் வைத்த மின்விசிறி. முழு வேகத்திலும் 30 வாட் சொச்சம்தான். சாதாரண சீலிங் ஃபேன் 70, 75 இழுக்கும். ஈரமான ஊரில் உடம்பை ஒட்டி நிற்கும் நிறைந்த காற்றைத் தள்ளிவிட இதைவிட மலிவான வழி இல்லை. நாற்காலிக்குப் பின்னால் முதுகைப் பார்த்து ஒன்று, ஜன்னலில் வெளியே பார்த்து ஒன்று என்று வைத்திருக்கிறேன். சட்டை ஒட்டுவது நின்றுவிட்டது.

தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஓர் ஆள் இல்லாத தெரு இல்லை. என்ன வாங்கலாம் என்று போன் வரும்போதெல்லாம், மீட்டர் என்ன காட்டுகிறது என்று முதலில் கேட்கிறேன். ஈரப்பதம் 45க்குக் கீழே என்றால் கூலர் வாங்குங்கள், காசுக்கு மோசம் இல்லை. ரியாத் போன்ற வறண்ட ஊர்க்காரர்களுக்கு அது பொருந்தும். 30 டிகிரிக்கு மேல் சூடும் 65க்கு மேல் ஈரமும் சேர்ந்தால் கூலர் பக்கமே போகாதீர்கள்; ஆகஸ்டில் துபாய், தோஹா கடற்கரை ராத்திரிகள் அப்படித்தான். இடைப்பட்ட எண் என்றால் முதலில் நல்ல மின்விசிறி.

அம்மாவின் கூலரை வைகாசி கடைசியில் எடுத்து வைத்துவிடுகிறோம். டேங்க்கை வடித்து, துடைத்து, பேடில் போர்வெல் தண்ணீர் படிய வைத்த வெள்ளை உப்பை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, மொட்டைமாடியில் இரண்டு வெயில் காட்டி, பழைய சேலை போட்டு மூடினால் பங்குனி வரை கவலை இல்லை. சாரல் தொடங்கிய பிறகு செய்யலாம் என்று ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். பேட் காயவே இல்லை, நாற்றம் பிடித்துத் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது.