குதிரைவாலி மணிக்குள்ளே

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைக் கரிசலில் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே விளைகிறது குதிரைவாலி. அதில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். எள்ளளவே மணி. மேலே மினுமினுக்கும் சாம்பல் பூத்த உமி. நகத்தால் நெருடிப் பிரித்தால் உள்ளே பால்வெள்ளையாய் ஒரு துளி அரிசி. உமி நமக்கு உணவாகாது, அரிசியோ உயிர். இரண்டுக்கும் மூலப்பொருள் பெரும்பாலும் ஒன்றேதான். மாவுச்சத்தின் கதையில் நான் சொக்கிப் போகும் இடம் இது.

அந்த ஒன்றின் பெயர் குளுக்கோஸ். ஆறு கரி, பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன். இதே ஆறு கரிச் சங்கிலியில் கைகளை இடம் வலமாக மாற்றி மாற்றி வைத்தால் 16 வடிவங்கள் வரும். அவற்றுள் குளுக்கோஸ் எது என்று, கண்ணால் காண முடியாத ஒன்றை அறிவால் மட்டுமே துழாவி 1891இல் சொன்னார் வேதியியலர் எமில் பிஷர். வளையமாக மடிந்த குளுக்கோஸின் ஒரு நிலையில் அதன் பருத்த கைகள் எல்லாம் வெளிப்புறமாக விரிந்து, ஒன்றையொன்று இடிக்காமல் அமைந்திருக்கும். எத்தனை நிதானமான, எத்தனை அமைதியான உருவம்! அதைச் சமைக்கும் இலையின் சிக்கனமும் அழகுதான். குதிரைவாலியும் கம்பும் சோளமும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இலைக்குள் ஓரிடத்தில் செறித்து வைத்துக்கொள்ளும். அதனால் இலைத்துளைகளை அகலத் திறக்க வேண்டியதில்லை. ஈரம் வீணாவதும் குறைவு.

இனி இணைப்பைப் பாருங்கள். ஒரு குளுக்கோஸை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் கோத்துக்கொண்டே போனால், வளையாத நெடிய இழை கிடைக்கும். இழையோடு இழை ஒட்டி இறுகும். அதுதான் செல்லுலோஸ், உமியின் உரம். கரிசல் பருத்தியும் கிட்டத்தட்ட முழுக்க இதுவே. அருப்புக்கோட்டைத் தறிகளில் ஓடும் பருத்தி நூலும் வட்டிலில் இருக்கும் சோறும் ஒரே சர்க்கரையின் இரு கோலங்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

எல்லாவற்றையும் ஒரே முகமாகக் கோத்தாலோ சங்கிலி மெல்ல வளைந்து சுருளும். சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ். இது அமைலோஸ், அரிசியின் மாவுச்சத்தில் ஒரு வகை. சோற்றின் மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டால், அது இந்தச் சுருளுக்குள் போய் அமர்ந்துகொள்ளும். ஆழ்ந்த நீலம் பூக்கும். மாவுச்சத்தின் இன்னொரு வகையான அமைலோபெக்டின் இன்னும் வசீகரமானது. இருபத்துநான்கிலிருந்து முப்பது குளுக்கோஸுக்கு ஒருமுறை கிளை பிரிந்து, கிளையில் கிளை விட்டு, கண்மாய்க்கரைக் கருவேலம்போல் விரியும். நுனிகள் ஏராளம் என்பதால் பல இடங்களில் ஒரே நேரத்தில் கொய்யலாம்.

கொய்வது வாயிலேயே தொடங்கிவிடுகிறது. வெஞ்சனம் எதுவும் தொடாமல் ஒரு வாய்ச் சோற்றை மட்டும் நிதானமாக மென்றுகொண்டே இருங்கள். சற்று நேரத்தில் நாவோரத்தில் ஒரு மெல்லிய இனிப்பு கசியும். உமிழ்நீரின் அமைலேஸ் என்னும் நொதி சங்கிலியை அறுத்து மால்டோஸ் என்னும் சர்க்கரை ஆக்கிய சுவை அது. இரைப்பையின் அமிலம் அந்த வேலையை நிறுத்திவைக்கும். சிறுகுடலில் கணையத்தின் அமைலேஸ் வந்து தொடரும். கடைசி நறுக்கு குடல்சுவரில். இரண்டும் மூன்றுமாய் மிஞ்சிய துணுக்குகளை அங்குள்ள நொதிகள் ஒற்றை ஒற்றையாகப் பிரித்து, அந்தச் சுவரிலேயே உள்ள வாசல் வழியே உள்ளே அனுப்புகின்றன.

அந்த வாசலின் நயம் தனி. குளுக்கோஸ் தனியே நுழையாது. சோடியத்தின் கைபிடித்துத்தான் நுழையும். பின்னாலேயே தண்ணீரும் போகும். சோடியமும் குளுக்கோஸும் இப்படிச் சேர்ந்து நுழைவதை 1960இல் உயிர்வேதியியலர் ராபர்ட் கிரேன் எடுத்துரைத்தார். 1971இல் வங்க அகதிகளிடையே காலரா பரவியபோது, சர்க்கரையும் உப்பும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்து எத்தனையோ உயிர்களை மீட்டார் மருத்துவர் திலீப் மகலனாபிஸ். கல்லுப்புப் போட்டுக் கரைத்த கூழைக் குடித்துவிட்டு வெயிலில் களையெடுக்கப் போகிறவர் உடம்பிலும் திறப்பது அதே வாசல்தான்.

ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த குதிரைவாலிச் சோற்றில் இன்னொரு நுட்பம் உண்டு. வெந்தபோது இளகிப் பிரிந்த சங்கிலிகளில் ஒரு பகுதி, ஆறும்போது மறுபடி அருகருகே நெருங்கி இறுகும். அந்தப் பகுதிக்குள் அமைலேஸ் எளிதில் நுழையாது. அது அப்படியே பெருங்குடல் வரை போய்ச் சேரும். அங்கே காத்திருக்கும் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் என்னும் சிறு அமிலமாக மாற்ற, பெருங்குடல் சுவரின் செல்கள் அதைத்தான் தங்கள் முதன்மை உணவாக எடுத்துக்கொள்கின்றன.