கதோரி மரபும் அதன் அளவுகோலும்

ஜப்பானிய வாள் மரபுகளின் மூன்று ஊற்றுகளான நென், ககே, ஷிந்தோ பற்றி நம் சபை உறுப்பினர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குருவரிசைகள் எல்லோருக்கும் மனப்பாடம். விழா மலர்க் குழுவினர் கேட்டது வேறு: எந்த மரபு தன் மாணவனை எந்தக் கோலால் அளந்தது? விடை தேடப் போனால், மரபை நிறுவியவர் யாரிடம் சேவகம் செய்தார், அந்தச் சேவகம் எப்படி முடிந்தது என்பதில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

கமிஇசுமி நொபுட்சுனா, கோசுகே நாட்டு நாகானோ குடியின் சேவகர். 1560-களில் அந்தக் குடி தகேதா ஷிங்கெனிடம் வீழ்ந்தது. வென்ற ஷிங்கென் தன்னிடம் சேர அழைத்தும் அவர் இசையவில்லை என்பது மரபுவழிச் செய்தி. ஊர் ஊராகச் சென்று ஷின்ககே வாளைக் கற்பித்தார். பிளந்த மூங்கிலைத் தோலுறையில் இட்டுச் செய்த பயிற்சி வாள் அவர் பெயரோடு சேர்ந்தது. எதிராளிக்குக் காயம் படாமல் முழு வேகத்தில் அடித்துப் பழகலாம் என்பதால், அசையும் எதிராளியைச் சரியான தருணத்தில் தொட முடிகிறதா என்பதே அங்கே தேர்வாயிற்று.

அதே வாளைக் கற்ற யாக்யூ குடியின் கதை நேர் எதிர். முனெனோரி 1594-இல் தொகுகாவா இயெயாசுவிடம் 200 கோகு ஊதியத்துக்குச் சேர்ந்தார். ஒரு கோகு என்பது ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி. 1636-இல் அவர் 10,000 கோகு பெறும் பிரபு. இத்தோ மரபின் ஒனோ ததாஅகியும் அதே தொகுகாவா குடியிடம் அரிசி வாங்கியவர்தான். இவர்களின் தேர்ச்சியைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் நாட்டை ஆளும் ஷோகுனே மாணவனாக உட்காரும் கூடத்தில் அளவுகோலை ஆசான் ஒருவரே வைத்திருக்க முடியாது.

நம் கதோரி மரபின் ஈசாசா இயெனாவோ சிபா குடிக்குச் சேவகம் செய்தவர். 1455-இல் அந்தக் குடி உட்பகையில் பிளந்தது. தலைவர் தனெனாவோ தன் சொந்தக்காரர்கள் கையாலேயே அழிவைச் சந்தித்தார். சேவகனுக்கு நிலம், பெயர், போர்க்களத்தில் நிற்கும் இடம் எல்லாம் தலைவன் வழியாகத்தான் வரும். அந்தத் தலைவனே இல்லை என்றால்? இயெனாவோ வேறு எசமானைத் தேடவில்லை. அறுபது வயதில் கதோரி ஆலயத்தருகே ஆயிரம் நாள் நோன்பிருந்தார், தெய்வம் ஃபுட்சுநுஷியிடமிருந்து வாள்நெறியைப் பெற்றார் என்று மரபு சொல்கிறது. அவர் வழித்தோன்றல்களும் எந்தப் பிரபுவின் ஊதியத்தையும் நாடாமல் இருந்தனர். எனவே இங்கே கற்பிப்பதைச் சுருக்கச் சொல்லவோ கூட்டச் சொல்லவோ வெளியிலிருந்து ஒருவரும் இல்லை.

அந்தப் போர்க்களச் சேவகனின் வாழ்வு நம் கட்டாக்களில், அதாவது வகுத்துவைத்த பயிற்சி வரிசைகளில், இன்னும் அப்படியே கிடக்கிறது. மாகிஉச்சி வெட்டை எடுத்துக்கொள்வோம். கைகள் தலைக்கு மேல் உயராது. வாள் நெற்றிப்பொட்டை ஒட்டிச் சுழன்று வரும். தலையில் இரும்புக் கவசம் இருக்கும்போது கையை உயர்த்தினால் அது தடுக்கும். குறிகளும் அப்படியே: உள்மணிக்கட்டு, அக்குள், கழுத்து, தொடையின் உட்புறம். கவசம் மூடாத இடங்கள். இத்சுட்சு நோ தாச்சி என்ற கட்டாவில் மரவாளும் மரவாளும் மோதும் ஓசையைக் கேட்டுப் பார்ப்பவர் அது தடுப்பு என்று நினைப்பார். நம் ஆசான் ஒருமுறை எதிர்நிற்பவரை, வழக்கமாகப் பின்வாங்கும் அரையடியை விட்டு, நின்ற இடத்திலேயே நிற்கச் சொன்னார். மரத்தில் பட வேண்டிய அதே வெட்டு அவர் மணிக்கட்டின் மேல் போய் நின்றது. அந்த அரையடியை விளக்க ஆசான் வேறு சொல் எதுவும் சொல்லவில்லை.

இத்சுட்சு உள்ளிட்ட ஓமோத்தே நோ தாச்சி கட்டாக்கள் நான்கும் நீளமானவை. கவசத்தின் பாரத்தோடு மூச்சு தாங்க வேண்டும் என்பதற்காக. சேரும் மாணவன் விரலைக் கீறி இரத்த முத்திரை வைத்து, பிறருக்குக் காட்டேன், தேர்ச்சி பெறுமுன் பிற மரபினரோடு வாள் கோக்கேன், சூதாடேன் என்று தெய்வத்தின் முன் உறுதி கூறுவான். மொகுரோகு, மென்கியோ, கோகுயி கைதென் என்ற படிகளை ஏற ஆண்டுகள் பல ஆகும். 1960-இல் சிபா மாகாணம் இம்மரபைப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது இந்தப் பிடிவாதத்துக்குக் கிடைத்த மரியாதை.

இனிச் சொல்வதை எவரையும் சுட்டுவதாகக் கொள்ள வேண்டாம். நன்றாகப் பயிலும் இளைஞர் பலர் உண்டு. ஆனால் அண்மைக்காலத்தில் அங்கங்கே கட்டாவின் நடுப்பகுதியை விட்டுவிடுகிறார்கள். மேடைக்கு நேரமில்லையாம். மாகிஉச்சியில் கை தலைக்கு மேல் போகிறது, பார்வைக்கு அழகாம். எதிர்நிற்பவர் பின்வாங்குவதன் காரணம் தெரியாமலே பின்வாங்குகிறார். ஒரு கோடைக்காலத்தில் இரண்டு சான்றிதழ் வாங்கிவிட்டு, அடுத்த கோடையில் தானே ஆசானாகிறார் ஒருவர். கை ஒரு சாண் உயர்ந்தால் என்ன என்று கேட்கிறார்கள். அந்த ஒரு சாணில்தான் கவசம் இருக்கிறது, 1455 இருக்கிறது, தலைவனை இழந்த சேவகனின் அறுபது வயது இருக்கிறது. பொதுவிடத்தில் வாள் அணிவதைத் தடைசெய்த 1876-இன் அரசாணையைக் கூட இந்த மரபு தாண்டி வந்தது. எதிரிகள் அழிக்காததை நாமே, கைதட்டலுக்காக, ஒவ்வொரு அங்குலமாக அழித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே சபையின் மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டு விழாவில் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்தாவது, ஓமோத்தே நான்கையும் முழுமையாக, நிதானமான வேகத்தில், மூத்த மாணவர் இருவரைக் கொண்டு நடத்த வேண்டும். எதிர்நிற்கும் இடத்தில் ஆசானே நின்றால் இன்னும் நல்லது.