பஸ்ஸில் கொண்டுபோகும் பான்ஜோ: நீளம் குறைந்தால் சுருதி ஏறவேண்டும்

கண்டியிலிருந்து மடவளை வழியாக வத்தேகம போகும் பஸ்ஸில் மாலை நேரத்தில் ஏறுபவருக்கு, ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமும் ஐந்து கிலோ எடையும் உள்ள வாத்தியம் சரிப்பட்டு வராது. பின்புறம் ரெசனேட்டர் என்ற மரக்கிண்ணம் பூட்டிய முழு அளவு ஐந்து கம்பி பான்ஜோ அந்த அளவில்தான் இருக்கும். ஆகவே 'பயண பான்ஜோ' என்ற பெயரில் விற்பனைக்கு வரும் சின்ன வகைகளை நோக்கி மனம் போவது இயல்பு. விற்பவர்கள் நீளத்தையும் எடையையும் முன்னால் வைத்துப் பேசுகிறார்கள். வாங்குபவரோ கம்பியின் நீளத்தைக் குறைக்கும்போதே, தான் அறியாமல், ஒரு சுருதியையும் தெரிவு செய்துவிடுகிறார். எந்தச் சுருதியில் வாசிக்கப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால் மாதிரியும் கம்பியும் சீரமைப்பும் அதன் பின்னால் ஒழுங்காக வந்துவிடும். அதை விட்டுவிட்டு வாங்கினால் நல்ல கருவிகூடக் கெட்ட பெயர் எடுக்கும்.

கணக்கு எளிது. வழமையான பான்ஜோவில் கழுத்தின் தலைப்பிலுள்ள நட்டுக்கும் தோலின் மேல் நிற்கும் குதிரைக்கும் இடையில் கம்பி சுமார் 26¼ அங்குலம். அதை ஜி சுருதிக்குச் சேர்ப்பார்கள். அதே கம்பியை அதே விறைப்பில் வைத்துக்கொண்டு கழுத்தில் இரண்டு ஃபிரெட்டைக் குறைத்தால் நீளம் 23.4 அங்குலமாகும், சுருதி ஏ ஆகும். ஐந்து ஃபிரெட்டைக் குறைத்தால் 19.7 அங்குலம், சுருதி சி. இந்த 19.7 அங்குலக் கருவியில் பெரிய பான்ஜோவின் கம்பியைப் பூட்டி, பெரியதைப் போலவே ஜி சுருதிக்குச் சேர்த்தால் விறைப்பு 56 சதவீதமாக விழுந்துவிடும். கம்பி ஃபிரெட்டில் மோதி இரையும். விரல் சற்று அதிகமாக அழுத்தினாலே சுரம் பிசகும். குதிரையைத் தோலின் மேல் அமர்த்தும் அழுத்தமும் குறைவதால் ஒலி மழுங்கும். சின்ன பான்ஜோவில் சத்தமில்லை, சுருதி நிற்பதில்லை என்ற குறைகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. பழைய தயாரிப்பாளர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். பிலடெல்பியாவின் எஸ்.எஸ். ஸ்டூவர்ட் 1880களில் 'பான்ஜோரின்' என்ற குட்டைக் கழுத்து வகையைக் கொண்டுவந்தபோது, அதை வழமையான பான்ஜோவைவிட ஒரு மத்திமம் மேலே, அதாவது சட்ஜத்திலிருந்து மத்திமம் வரையான தூரத்துக்கு உயர்த்தித்தான் சேர்க்க வைத்தார். பான்ஜோக் குழுக்களில் மெட்டை முன்னெடுத்தது அந்தக் கருவி. அவர் குட்டையாக்கியது கழுத்தை; தோல் வட்டத்தைப் பெரிதாகவே விட்டுவைத்தார். இன்றைக்கும் நல்ல வழி அதுதான். எட்டு அங்குல வட்டத்தோடு வரும் சின்னஞ்சிறு வகைகளில் கீழ்ச்சுரங்கள் மெலிந்துவிடுகின்றன. பத்து அல்லது பதினொரு அங்குல வட்டத்தில் குட்டைக் கழுத்து பூட்டியதற்கு உடம்பு இருக்கிறது.

கூட்டத்தோடு வாசிப்பவர் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பார்: கிட்டார்காரர் ஜி சுருதியில் பாட்டைத் தொடங்கினால் சி சுருதிக்காரர் என்ன செய்வது? டி சுருதிக்குரிய விரலமைப்பில் வாசித்தால் ஒலி ஜி ஆகவே வரும். ஆனால் அதற்குப் பழக்கம் வேண்டும். கழுத்தில் கேப்போ என்ற கவ்வியைப் பூட்டிச் சுருதியை ஏற்றலாமே தவிர இறக்க முடியாது. ஆழ்ந்த குரலுக்கு இது உண்மையான இழப்பு. இன்னொரு வழி கம்பியைத் தடிப்பாக்குவது. 19.7 அங்குலத்தில் ஜி சுருதி வேண்டுமென்றால் எல்லாக் கம்பியும் மூன்றில் ஒரு பங்கு தடிக்கவேண்டும்: 0.010 அங்குலத்துக்குப் பதில் 0.013, 0.013-க்குப் பதில் 0.017, நாலாவது கம்பியான 0.020-க்குப் பதில் 0.026 அளவு. இந்த மூன்று தடிப்பும் சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் கம்பிச் செட்டில் இருக்கின்றன. ஆகவே பான்ஜோக் கம்பி தேடி அலையவேண்டியதில்லை, கிட்டார் கம்பி விற்கும் கடை போதும். கிட்டார் கம்பியின் நுனியிலுள்ள சின்னப் பித்தளைக் குண்டைக் குறட்டால் நெரித்து எடுத்துவிட்டால் பான்ஜோவுக்கு வேண்டிய கண்ணி மிஞ்சும். என்றாலும் குட்டையான தடித்த கம்பிக்கு அந்தக் கணீரென்ற துள்ளல் குறைவு. ஆகவே பிறரோடு சேர்ந்து வாசிக்கும் எண்ணம் உள்ளவருக்கு 23 முதல் 24 அங்குலம் வரையான வகையையே சொல்வேன். அதில் ஒரு படி தடித்த கம்பியோடு ஜி சுருதி நன்றாக நிற்கும், வழமையான கம்பியோடு ஏ சுருதியும் நிற்கும். தனியாகப் பாடி வாசிப்பவர் 19.7 அங்குலத்துக்குப் போகலாம், சி சுருதியை மனதார ஏற்றுக்கொண்டால்.

ஐந்து கம்பி வகை அமெரிக்க மலைநாட்டு இசைக்குத்தானே, நமக்கெதற்கு என்று கேட்பவரும் உண்டு. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் நினைவில் இருந்த வாத்தியங்களிலிருந்து பிறந்தது பான்ஜோ. ஐந்தாம் ஃபிரெட்டில் தொடங்கும் அதன் ஐந்தாவது குட்டைக் கம்பி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருப்பதால், சுருதிப் பெட்டியோடு பாடிப் பழகிய காதுக்கு அது அந்நியமாகப் படாது. ஆனால் பைலாவுக்குத் தாளமாக மீட்டுவதுதான் நோக்கமென்றால் நாலு கம்பி டெனர் பான்ஜோ பொருந்தும். அதன் 17 ஃபிரெட் வகை 21 அங்குல அளவில்தான் இருக்கும். அயர்லாந்துக்காரர்கள் அதை மண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே சேர்க்கிறார்கள். டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மக்கென்னா பரப்பிய முறை அது. வயலினோ மண்டலினோ தெரிந்தவர் அதே விரலமைப்போடு நேரே வாசிக்கலாம். இணையத்தில் தேடும்போது ஒரு கவனம்: 'இந்தியன் பான்ஜோ' என்ற பெயரில் புல்புல்தாராவும் விற்கப்படுகிறது. ஜப்பானின் தைஷோகோத்தோவிலிருந்து வந்த, விசைகளை அழுத்தி வாசிக்கும் வேறொரு கருவி அது.

அடுத்தது தோல். பான்ஜோ என்பது கழுத்து முளைத்த றபான். ஆட்டுத்தோல் றபானை வாசிக்குமுன் அனலில் காட்டிச் சூடேற்றுவது எதற்கென்று மடவளையில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை: ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். பான்ஜோவில் தோல் தளர்ந்தால் ஒலி மட்டுமா கெடும்? குதிரை தாழ்ந்து கம்பியும் இறங்கி ஃபிரெட்டில் உரசும். 500 மீற்றர் உயரத்தில், ஒக்டோபர் நவம்பர் மழைக்குள் வாழும் ஊருக்கு 1950களின் பிற்பகுதியில் தோற்கருவிகளுக்கு வந்த மைலார் பிளாஸ்டிக்கே சரி. ஆட்டுத்தோலின் கனிவு அதில் வராது என்ற பேச்சு உண்மைதான். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் சீரமைக்கவேண்டிய கருவி பயணத்துக்கு ஆகாது. மைலாரும் கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும். வட்டத்தைச் சுற்றியுள்ள நட்டுகளை வரிசையாக இறுக்கினால் ஒரு பக்கம் சாயும். ஒன்றை இறுக்கி, அதற்கு எதிரிலுள்ளதை இறுக்கி, ஒவ்வொரு தடவையும் கால் சுற்றுக்கு மேல் போகாமல் வரவேண்டும். கம்பிகளைக் கையால் அடக்கிக்கொண்டு தோலைத் தட்டிப் பார்த்தால், பதினொரு அங்குல வட்டத்தில் ஜி-க்கும் ஏ-க்கும் இடைப்பட்ட ஒலி வந்தவுடன் நிறுத்தலாம். கைப்பேசியின் சுருதிச் செயலி அதைக் காட்டும்.

சின்ன பான்ஜோவில் பிழைக்கு இடம் இன்னும் குறைவு. குதிரை ஒட்டப்படுவதில்லை, கம்பியின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. அது ஒரு மில்லிமீற்றர் விலகினால் முழு அளவுக் கருவியின் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் 2.6 சென்ட் பிசகும், 19.7 அங்குலத்தில் 3.5 சென்ட். ஒரு அரைச் சுரம் நூறு சென்ட் என்பதால் இது அற்பமாகத் தோன்றும். ஆனால் பஸ்ஸில் குலுங்கி வந்த குதிரை மூன்று நாலு மில்லிமீற்றர் நகர்ந்திருந்தால் மேல்சுரங்கள் காதில் குத்தும். பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அங்கேயே அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒன்றாகும்வரை குதிரையை நகர்த்தவேண்டும். அழுத்திய ஒலி கூடினால் பின்னுக்கு, குறைந்தால் முன்னுக்கு. இடம் கிடைத்ததும் அதன் கால்களைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய குறி போட்டுவிட்டால் அடுத்த தடவை தேடவேண்டியதில்லை. கம்பி மாற்றும்போதும் ஒன்றைக் கழற்றி ஒன்றைப் பூட்டவேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்றினால் குதிரை விழுந்துவிடும். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பி மூன்று மில்லிமீற்றர் உயரத்துக்குள் இருப்பது வசதி. அதைத் தாண்டினால் முதலில் தோலின் விறைப்பையும் குதிரையின் உயரத்தையும் பார்க்கவேண்டும். வட்டத்தின் உள்ளேயிருக்கும் உலோகத் தண்டை முறுக்கிக் கழுத்தை வளைக்க முயல்வது வட்டத்தையே கோணலாக்கும்.

எடைக்கு வந்தால், பெரிய மிச்சம் கழுத்தைக் குறைப்பதில் கிடைப்பதில்லை. ஐந்து ஃபிரெட்டைக் குறைத்தாலும் நீளத்தில் மிச்சமாவது பதினாறு, பதினேழு சென்ரிமீற்றர்தான். விமானங்களின் வழமையான 55 சென்ரிமீற்றர் கைப்பை அளவுக்குள் அப்போதும் அடங்காது. ரெசனேட்டர் இல்லாத திறந்த முதுகு வகையோ எடையைப் பாதிக்கு மேல் குறைத்து இரண்டு கிலோவின் அருகில் கொண்டுவருகிறது. அதில் ஒலி குறைவு என்பது உண்மை. மேடைக்கு ஒலிவாங்கி இருக்கிறது. வீடுகள் நெருங்கி நிற்கும் மடவளைச் சரிவில் மஃரிபுக்குப் பின் பயிற்சி செய்பவருக்கு அந்தக் குறைவே வசதி, போதாவிட்டால் தோலுக்கும் உலோகத் தண்டுக்கும் இடையில் ஒரு கைத்துண்டைச் செருகலாம். ஆகவே வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: திறந்த முதுகு, மைலார் தோல், குறைந்தது பத்து அங்குல வட்டம், பிறகு சுருதிக்கேற்ற நீளம். ஐந்தாம் கம்பியின் பிரடை பற்சக்கரம் உள்ளதா என்பதையும் பார்க்கவேண்டும். மலிவு வகைகளில் வெறும் உராய்வால் நிற்கும் பிரடையைப் பூட்டிவிடுகிறார்கள். ஈரக் காற்றில் அது வழுக்கும், ஓயாமல் ஒலிக்கவேண்டிய கம்பியே முதலில் இறங்கிவிடும்.