அரைப்புள்ளியும் ஐந்து இலக்கமும்

எதையும் முடித்துவைப்பதை ‘முற்றுப்புள்ளி வைப்பது’ என்கிறோம். உயிரை மாய்த்துக்கொள்வதையும் அதே சொல்லால் குறிக்கும் வழக்கம் தமிழில் உண்டு. அமெரிக்காவில் ஏமி புளூயல் இந்தப் புள்ளியைத்தான் மாற்றி வைத்தார். 2013இல் அவர் தொடங்கிய இயக்கத்தின் சின்னம் அரைப்புள்ளி. வாக்கியத்தை முடித்துவிடக்கூடிய இடத்தில் முடிக்காமல் மேலே எழுதுகிறவர் இடும் குறி அது. எழுதுகிறவர் நீங்கள், வாக்கியம் உங்கள் வாழ்க்கை என்றது அந்த இயக்கம். மணிக்கட்டில் அதைப் பச்சை குத்திக்கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

மனநலம் பேசும் வரைகலையின் பலம் இந்த ஒரு குறியிலேயே தெரிகிறது. புகைப்படத்துக்கு ஒரு முகம் வேண்டும். துன்பப்படுகிறவரைக் காட்டினால் அவர் அந்தரங்கம் போகும். நடிகரைக் காட்டினால், தலையைக் கைகளால் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் அதே படம்தான் வரும். மனநோய் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று அது பழக்கிவிடுகிறது. இங்கிலாந்தின் ‘டைம் டு சேஞ்ச்’ இயக்கம் இந்தப் படத்தைக் கைவிடும்படி ஊடகங்களைக் கேட்டு, மாற்றுப் படங்களையும் வழங்கியது. எழுத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. பொருள் தெரிந்தவருக்கு அரைப்புள்ளி ஒரு தோழமை, தெரியாதவருக்கு வெறும் குறி. யாரிடம் சொல்வது என்பதை அணிந்திருப்பவரே முடிவு செய்யலாம்.

குறையும் அதிலேயே இருக்கிறது. 2017இல் ஏமி தற்கொலையால் இறந்தார். அவர் பலருக்குத் தந்த ஆறுதல் அதனால் பொய்யாகிவிடாது. ஆனால் சின்னம் துணைக்கு நிற்கும், சிகிச்சை தராது என்பதை அந்த இழப்பு நினைவூட்டுகிறது. இன்னொன்று: நம்மில் பெரும்பாலோர் அரைப்புள்ளியைப் பள்ளியில் நிறுத்தக்குறிப் பாடத்தோடு விட்டவர்கள். விளக்கமோ உதவி எண்ணோ இல்லாமல் அதை மட்டும் அச்சிட்டால், ஏற்கெனவே அறிந்தவரிடம்தான் அது பேசும்.

இதைவிடச் சிக்கலானது எழுத்தையே உடைத்துக் காட்டும் முறை. பதற்றம் என்றால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். சோர்வு என்றால் வரி கீழே சரியும். ஆங்கிலத்தில் எழுத்துகளைக் கொஞ்சம் சிதறவிட்டாலும் சொல்லைப் பிடித்துவிடலாம். தமிழில் அப்படி இல்லை. ஒரு கல்லூரி விடுதியில் ‘மனச்சோர்வு’ என்ற சொல்லின் உறுப்புகள் உதிர்வதுபோல் வடிவமைத்த சுவரொட்டியைப் பார்த்தேன். ‘சோ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கால் உதிர்ந்தால் அது ‘சே’, கொம்பு உதிர்ந்தால் ‘சா’. தனியே நிற்கும் காலை ‘ர’ என்றும் படிக்கலாம். அருகில் நின்ற மாணவர், “ஃபான்ட் உடைஞ்சிருக்கு” என்றார். அவரைக் குறைசொல்ல முடியாது. மென்பொருள் ஒத்துழைக்காமல் கொம்பும் காலும் இடம்மாறிய தமிழைப் பதாகைகளில் நாம் அன்றாடம் பார்க்கிறோம். அந்தப் பழக்கத்தில், வேண்டுமென்றே செய்த சிதைவும் அச்சுப்பிழையாகத்தான் தெரியும். ஆங்கிலச் சுவரொட்டியின் உத்தியைத் தமிழ் எழுத்தின்மேல் அப்படியே ஏற்றியதால் வந்த தோல்வி இது.

உத்தி பலித்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. சிதைந்த எழுத்து யாருக்காக? நலமாக இருப்பவருக்கு நோயின் அனுபவத்தைக் கொஞ்சம் உணர்த்தவே. அதற்கும் ஒரு விலை உண்டு. காதில் மாயக்குரல்களை ஒலிக்கவிட்டு மனச்சிதைவை உணரவைக்கும் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பங்கேற்றவர்களிடம் பரிவு கூடியதோடு, நோயுற்றவரிடமிருந்து விலகியிருக்கும் விருப்பமும் கூடியது தெரிந்தது. அச்சத்தை மட்டும் உணரவைக்கும் சுவரொட்டிக்கும் இதே ஆபத்து இருக்கிறது என்றே நினைக்கிறேன். சோர்வில் இருப்பவருக்கோ அது எந்தப் புதுச் செய்தியும் சொல்வதில்லை. கவனம் குலைவது மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. ஒரு பத்தியைப் படிக்கவே திணறுகிறவரிடம் புதிர் போடுவது நியாயமில்லை.

அவருக்கு வேண்டியது பெரிய இலக்கங்கள், மூச்சுவிட இடமுள்ள வரிகள், தெளிந்த எழுத்துரு, அன்பான இரண்டு சொற்கள். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையின் எண் 14416; ஐந்தே இலக்கம். தமிழ்நாட்டில் அந்தச் சேவைக்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். நோய் என்ற சொல்லே இல்லாத அந்தப் பெயரும் நல்ல வடிவமைப்புதான். ஆனால் பல சுவரொட்டிகளில் படங்களும் சின்னங்களும் மேல்பாதியை எடுத்துக்கொள்ள, எண் கடைசி வரியில் கூனிக் குறுகி நிற்கிறது. விடுதிச் சுவரொட்டியிலும் எண்ணைக் குனிந்துதான் தேடினேன்.

வெறும் எண்ணை அச்சிட்டால் போதும் என்றும் சொல்லமாட்டேன். கண்ணை நிறுத்தாத அறிவிப்பு சுவரோடு சுவராகிவிடும். நிறுத்துவதற்கு அழகு வேண்டும், அழைக்க வைப்பதற்குத் தெளிவு வேண்டும். கற்பனைக்குத் தலைப்பில் இடம் கொடுக்கலாம்; எண்ணின்மேல் மட்டும் அது கைவைக்கக் கூடாது. மறுமுனையில் எடுத்துப் பேச ஆள் இருக்கவும் வேண்டும். அதை எந்த எழுத்துருவாலும் ஈடுகட்ட முடியாது.

வடிவமைப்பாளர்கள் தங்கள் சுவரொட்டியைப் பகலில், தெளிந்த மனத்தோடு, பெரிய திரையில் பார்க்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு, விடுதி நடைவழியின் மங்கிய வெளிச்சத்தில், அழுது வீங்கிய கண்களுக்கு 14416 என்ற எண் ஒரே பார்வையில் தெரிகிறதா? அச்சுக்கு அனுப்புமுன் இதை ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும்.